தொட்டித் தண்ணீர்

அத்தியாயம் 9

தொட்டித் தண்ணீரில் காலை இறக்கினால் முதலில் வருவது குளிர் அல்ல, எரிச்சல். அடுப்புக்குள் விட்ட மாதிரி முட்டிக்குக் கீழே மொத்தமும் எரியும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால் எரிச்சல் குத்தலாகும். குத்தல் கடுப்பாகும். அதற்கப்புறம் கால் என்று ஒன்று உடம்பில் இருப்பதே மறந்துபோகும்.

அந்த மறதிக்காகத்தான் ஆஷ்லி தினமும் விடியும் முன்னே வந்து இதில் நிற்கிறாள்.

வீட்டுக்கு மேலே, கேரட் பாத்திகளின் தலைமாட்டில் கிடக்கிற பழைய சிமெண்டுத் தொட்டி. பாலாடாவில் கேரட் கழுவும் மெஷின் வராத காலத்தில், மூட்டை மூட்டையாக இதில் கொட்டி, பொம்பளைகள் உள்ளே இறங்கி மிதித்து மிதித்தே மண்ணைக் கழுவுவார்கள். இப்போது பறித்த கேரட் நேராக மெஷினுக்குப் போய்விடுகிறது. தொட்டிக்கு வேலை இல்லை. ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக வந்து நிரம்பி, வழிந்து, தன்பாட்டுக்குக் கிடக்கிறது. தை மாதப் பனியில் அதன்மேல் கண்ணாடி மாதிரி ஓர் ஏடு படிந்திருந்தது. ஆஷ்லி குதிகாலால் அதை உடைத்துவிட்டுத்தான் இறங்கினாள்.

இன்றைக்கு ஓட்டம். இன்றைக்கு மட்டும் இந்த இடது கால் சொன்ன பேச்சுக் கேட்டால் போதும்.

மேலே, யூகலிப்டஸ் மரங்கள் நிற்கிற கற்பூரக் காட்டைத் தாண்டி இருக்கிற ஹாஸ்டல் பள்ளியில் கேம்ஸ் டீச்சர் பாதியில் வேலையை விட்டுப் போய்விட்டார். போன வாரம் அங்கிருந்து கேம்ஸ் மாஸ்டர் அம்புரோஸ் போன் செய்திருந்தார். "சர்டிஃபிகேட்டெல்லாம் பார்த்தாச்சும்மா. சனிக்கிழமை காலைல பிள்ளைங்களோட மலைப்பாதையில ஒரு ரவுண்டு ஓடிக் காட்டுங்க. தினமும் அதுதான் வேலை. குவார்ட்டர்ஸும் உண்டு."

குவார்ட்டர்ஸ். அந்த ஒரு சொல்லைத்தான் ஆஷ்லி ஒரு வாரமாக வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள்.

ஒண்டிப்புதூரிலிருந்து கல்யாணமாகி இந்தக் கேத்திப் பள்ளத்துக்கு வந்தவள் அவள். காலேஜுக்காக ஓடியவள். புருஷன் டெனின் தாலி கட்டிய மூன்றாம் மாதமே தோஹாவுக்கு, ஓட்டல் சமையல்கட்டுக்குப் போய்விட்டான். "அம்மா தனியா இருக்காங்க, நீ கூட இரு" என்பதுதான் ஏர்போர்ட்டில் அவன் சொன்ன கடைசிப் பேச்சு. மாமனார் சில்வஸ்டர் கல்யாணத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதனால் அந்த வீட்டில் இப்போது இரண்டு பொம்பளைகள். இரண்டு பேரும் தனித்தனி. மாமியார் பிலோமி விடிந்ததும் பழையதைக் கரைத்துக் குடித்துவிட்டுக் கேரட் காட்டுக்குப் போய்விடுவாள். ஆஷ்லி அடுப்படியில் நின்றுகொண்டே எதையாவது விழுங்குவாள். பொழுது சாய்ந்தால் டிவி பேசும். இவர்கள் கேட்பார்கள்.

ஓடும்போது மட்டும் அவளுக்கு அது குறையாகத் தெரியவில்லை. ஓடுகிறவளிடம் யாரும் பேசமாட்டார்கள். பேசவேண்டியதும் இல்லை.

ஆரம்பத்தில் பிலோமி அதையும் விட்டுவைக்கவில்லை. "கலியாணமான புள்ள ரோட்டுல ஓடுனா பாக்கறவன் என்ன நெனப்பான்? ஊட்டுல மாமியாக்காரி வெறகுக் கட்டையோட தொரத்தறான்னு நெனப்பான்" என்றாள். அதனாலேயே வலி வந்தபோது ஆஷ்லி வாயைத் திறக்கவில்லை. வலிக்கிறது என்று சொன்னால் அன்றோடு ஓட்டம் போச்சு.

முதலில் ஓட ஆரம்பிக்கும்போது மட்டும் கெண்டைக்காலுக்கு முன்னால், எலும்பின் உள்பக்கம் இழுத்துப் பிடித்தது. உடம்பு சூடானதும் போய்விடும். அப்புறம் ஓடி முடித்த பிறகும் இருந்தது. அப்புறம் படி இறங்கும்போது. இப்போது ராத்திரி போர்வை உரசினாலே விழிப்பு வருகிறது. அதுவும் கால் முழுக்க அல்ல, ஒரே இடத்தில், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு.

தொட்டியைவிட்டு ஏறியபோது கால் மரக்கட்டையாக இருந்தது. நல்லது.

அடுப்படியில் விளக்கு எரிந்தது. பிலோமி கோவிலுக்குக் கட்டுகிற கத்தரிப்பூ நிறச் சேலையில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு பை நிறையக் கேரட்.

"நானும் வர்றேன்" என்றாள்.

"எதுக்குங்க அத்தை?"

"ஏன், வரப்படாதா? என்ற மருமக எங்க குடியிருக்கப் போறான்னு நான் பாக்க வேண்டாமா?"

"வேலையே இன்னும் கெடைக்கலீங்க."

"கெடைச்சா பாக்கறேன். கெடைக்காட்டி கேரட்டக் குடுத்துட்டு வர்றேன்."

இருவரும் கற்பூரக் காட்டு வழியாக ஏறினார்கள். பாதையெல்லாம் வெள்ளையாகப் பனி உறைந்து, மிதித்தால் நொறுங்கியது. பிலோமி முன்னால் போனாள். அவள் நடை எப்போதும் கொஞ்சம் அகலக் கால் வைத்த நடை. தரையை நம்பாதவள் மாதிரி பாதத்தை முழுசாக அழுத்தி வைப்பாள். ஆஷ்லி பின்னால் வந்தாள். பாதி தூரம் போவதற்குள் காலில் ரத்தம் திரும்பி, அந்தக் காசு அகல இடம் கண் விழித்துக்கொண்டது.

பள்ளி வாசலை அடைந்தபோது அது துடிக்க ஆரம்பித்திருந்தது.

"பாத்ரூம் எங்கீங்க சார்?" என்று அம்புரோஸிடம் கேட்டுக்கொண்டு ஆஷ்லி உள்ளே போனாள். தாழ்ப்பாள் போட்டாள். ஒரு பக்கெட், ஒரு குழாய். குழாயைத் திருப்பினால் தொட்டித் தண்ணீருக்கு அண்ணன் மாதிரி ஒரு தண்ணீர் வந்தது. பக்கெட்டை நிறைத்து இடது காலை உள்ளே விட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றாள்.

வெளியே பிலோமியின் குரல் கேட்டது. "ஏம்புள்ள, உள்ள துணி தொவைக்கறயா?"

"வந்துட்டேனுங்க!"

ஹாஸ்டல் பெண்கள் இருபது பேருக்கு மேல் கிரவுண்டில் நின்று கைகளை அக்குளில் செருகிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார்கள். நெட்டையாக ஒருத்தி ஆஷ்லியின் ஷூவைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "மிஸ், நீங்க நிஜமாவே ஓடுவீங்களா?"

"ஏன், சந்தேகமா?"

"இல்ல மிஸ், போன மிஸ் ஸ்கூட்டியில பின்னாடி வருவாங்க. ஹாரன் அடிப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஆஷ்லியும் சிரித்தாள். தன் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. கேட்டு எத்தனை நாளாயிற்று!

அம்புரோஸ் விசிலை ஊதினார்.

ஏற்றம் சுலபமாக இருந்தது. ஏற்றத்தில் முன்பாதம்தான் விழும், எலும்பில் அதிர்ச்சி குறைவு. மரத்துப்போன காலை வீசி வீசிப் போட்டு, பிள்ளைகளை முந்தி, நின்று, அவர்களை முன்னால் விட்டு, கடைசியாக மூச்சுவாங்கி வந்த குண்டுப் பெண்ணின் முதுகில் தட்டி, "மூக்கால இழு, வாயால விடு" என்று சொல்லி மறுபடியும் முந்தினாள். பத்து முகங்கள் அவளைத் திரும்பிப் பார்த்தன. இந்த ஒரு மணி நேரத்துக்காக ஒருத்தி தினமும் எழுந்திருக்கலாம் என்று தோன்றியது.

இறக்கம் வந்தது.

மலையில் ஏறுகிறவனை மூச்சு நிறுத்தும், இறங்குகிறவனை எலும்பு நிறுத்தும். தார் ரோடு, செங்குத்தான வளைவு. முதல் வளைவில் குளிர் விட்டுப்போனது. இரண்டாவதில் வலி வந்தது. அது தினமும் வருகிற வலி அல்ல. ஆணியை வைத்து யாரோ ஒவ்வொரு அடிக்கும் ஒருமுறை சுத்தியலால் அடிக்கிற மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

"மிஸ், அழறீங்களா?" என்றாள் நெட்டைப் பெண்.

"பனிக்காத்து."

கிரவுண்டு கண்ணில் பட்டது. அதன் ஓரத்தில் கத்தரிப்பூ நிறச் சேலை. ஆஷ்லி முகத்தை இழுத்துச் சிரிப்பாக்கிக்கொண்டு அந்தக் கடைசித் துண்டையும் ஓடி முடித்தாள்.

அம்புரோஸ் கை தட்டினார். "பரவாயில்லியே! கடைசிப் புள்ளையக் கூட உடாம இழுத்துட்டு வந்துட்டீங்க. அதுதாம்மா எங்களுக்கு வேணும்."

பிரின்சிபல் அம்மாள் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார். கூப்பிட்டு ஐந்து நிமிஷம்தான் பேசினார். திங்கட்கிழமையே வந்து சேர்ந்துகொள்ளலாம், தினமும் காலை ஓட்டம் முக்கியம், அதற்காகத்தான் இந்த வேலையே என்றார். பிலோமி கேரட் பையை மேஜை மேல் வைத்து, "எங்க காட்டுலதானுங்க. இன்னிக்குப் பறிச்சது" என்றாள். அது நேற்றுப் பறித்தது.

குவார்ட்டர்ஸைத் திறந்து காட்டினார்கள். ஓர் அறை, ஓர் அடுப்படி, தகரக் கூரை. ஜன்னலைத் திறந்தால் கற்பூர மரங்கள். பிலோமி குழாயைத் திருப்பிப் பார்த்தாள். சுவரில் கை வைத்து ஈரம் இருக்கிறதா என்று தடவினாள். அறையின் நடுவில் வந்து நின்று நாலு பக்கமும் திரும்பினாள்.

"ஒரு ஆளுக்குப் போதும்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள்.  ஆஷ்லிக்குக் கால் தரையில் ஊன்றவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள், கொஞ்சம் காற்றாவது படட்டும் என்று.

"அது என்ன?" என்றாள் பிலோமி.

வெள்ளை சாக்ஸின் முனை சிவப்பாக இருந்தது. கழற்றிப் பார்த்தால் கட்டைவிரல் நகம் பாதி பெயர்ந்து தொங்கியது. எங்கே, எப்போது இடித்தது என்று ஆஷ்லிக்குத் தெரியாது. இப்போதுகூட அங்கே வலிக்கவில்லை. வலியெல்லாம் மேலே, எலும்பில்.

பிலோமி குனிந்து அந்தப் பாதத்தைத் தொட்டாள். உடனே கையை எடுத்துவிட்டாள்.

"தொட்டியில நின்னயா?"

"இல்லீங்க அத்தை."

"புள்ள, பொய் சொல்லாத. இந்தக் காலு எனக்குத் தெரியும்." அவள் குரல் உயரவில்லை. "கேரட்டு மிதிச்சுட்டுக் கரையேறுனா இப்பிடித்தான் இருக்கும். சவத்துக் காலு மாதிரி. ஒரு நாளு மூட்டைக்குள்ள ஒடஞ்ச பாட்டில் ஓடு கெடந்திருக்குது. நான் பாட்டுக்கு மிதிச்சுட்டே இருக்கறேன். பக்கத்துல இருந்தவ தண்ணியப் பாத்துக் கத்துனா. தண்ணி செவந்து போச்சு. எனக்கு ஒண்ணுமே தெரியல. டெனின் அப்பன் கிட்டக்கூட சொல்லல. சொன்னா மறுநாளு வேலைக்குப் போக வேண்டாம்பாரு."

ஆஷ்லி சாக்ஸை மறுபடி மாட்டப் பார்த்தாள்.

"எத்தன நாளா?"

"கொஞ்ச நாளா."

"எந்திரி. ஊட்டிக்குப் போலாம்."

"வேண்டாமுங்க. திங்கக்கிழமை..."

"எந்திரின்னு சொன்னேன்."

ஊட்டியில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு எலும்பு டாக்டர். சின்ன வயசுக்காரர். ஆஷ்லியை எழுந்து நிற்கச் சொன்னார். "வலது கால்ல மட்டும் நின்னு குதிங்க." குதித்தாள். "இப்ப இடது." குதிகாலைத் தூக்கினாள், உடம்பு எழும்பவில்லை. வைராக்கியத்துக்கு மறுபடி முயன்றாள். முடியவில்லை.

படுக்க வைத்து எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழே நகர்த்திக்கொண்டே வந்தார். "இங்க? இங்க வலிக்குதா?"

"இல்லீங்க. இல்லீங்க."

"இங்க?"

ஆஷ்லி கையில் அகப்பட்டதை எட்டிப் பிடித்தாள். அது பிலோமியின் கை. பிலோமி கையை இழுத்துக்கொள்ளவில்லை. அழுத்திப் பிடிக்கவும் இல்லை. அப்படியே கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எக்ஸ்ரே வந்தது. டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"இந்த மங்கலான கோடு தெரியுதுங்களா? விரிசல். ஒரே நாள்ல விழுந்து வந்தது இல்ல. ஒரே எடத்துல அடி மேல அடி வாங்கி வந்தது. முதல்ல வலிச்சப்பவே ஓட்டத்தக் கொறச்சிருந்தா வெறும் வீக்கத்தோட போயிருக்கும். இத்தன நாள் எப்படி ஓடுனீங்க?"

ஆஷ்லி தலை குனிந்தாள்.

"தொட்டித் தண்ணியில நின்னு மரக்க வெச்சுட்டு ஓடியிருக்கறாளுங்க" என்றாள் பிலோமி.

டாக்டர் படத்தைக் கீழே வைத்தார். "ஓடிட்டு வந்து குளுந்த தண்ணி வெச்சா நல்லது. ஓடறதுக்கு முன்னாடி வெச்சா? நிறுத்துன்னு சொல்ற ஒரே ஆளு வலிதாங்க. அந்த ஆளு வாயக் கட்டிட்டு ஓடியிருக்கீங்க."

"எத்தன நாளைக்கு ஓடக் கூடாதுங்க?"

"ரெண்டு மாசம். வலியில்லாம நடக்க வந்த பொறகு கொஞ்சங்கொஞ்சமா ஆரம்பிக்கலாம்."

"திங்கக்கிழமை ஒரு நாளு மட்டும்..."

"ஓடலாம்" என்றார் டாக்டர் சாதாரணமாக. "முழுசா ஒடைஞ்சா அப்பறம் பிளேட்டு வெச்சு ஸ்க்ரூ போடறதும் என் வேலைதான். அதுக்கு மேல ஓட்டத்த மறந்துர வேண்டியதுதான்."

எழுதிக்கொண்டே கேட்டார். "மாசாமாசம் சரியா வருதுங்களா?"

ஆஷ்லி இல்லை என்று தலையாட்டினாள். பிலோமி திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"ஒழுங்கா சாப்பிடறதில்ல, அப்படித்தானே? சாப்பாடு பத்தாம ஓடுனா எலும்பு எதை வெச்சு ஒட்டும்? ஊட்டுல யாரு சமையல்?"

இரண்டு பொம்பளைகளும் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் ஒருத்தியை விட்டு ஒருத்தியைப் பார்த்துவிட்டு, எழுதுவதைத் தொடர்ந்தார்.

முட்டி வரைக்கும் வருகிற கனத்த பிளாஸ்டிக் பூட்ஸ் ஒன்றை மாட்டிவிட்டார்கள். பஸ்ஸில் ஜன்னல் சீட்டை ஆஷ்லிக்கு விட்டு, பிலோமி பக்கத்தில் உட்கார்ந்தாள். பாலாடாவில் கேரட் மெஷின் சத்தம் கேட்கிறவரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. இறங்கும்போது மட்டும் கேட்டாள். "சோறு திங்கறயா?"

"பசிக்கலீங்க."

அன்றைக்கு வீட்டுக்குள் வந்ததும் பிலோமி அடுப்பைப் பற்றவைத்தாள். சோறும் கருவாட்டுக் குழம்பும். ஒரே தட்டில் குவித்துக் கொண்டுவந்து ஆஷ்லியின் கட்டிலில் வைத்துவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டாள். கூட உட்கார்ந்து தின்ன அவளுக்கும் தெரியவில்லை.

மதியத்துக்கு மேல் டெனின் வீடியோவில் வந்தான். தலையில் வெள்ளைத் தொப்பி, பின்னால் எவர்சில்வர் மேஜை, பாத்திரச் சத்தம்.

"என்ன ஆச்சு? செலக்ட் ஆயிட்டயா?"

"ஆயிட்டேன்."

"அடி சக்க! எனக்குத் தெரியும்டி." அவன் சிரித்தான். அப்புறம் குரலைத் தாழ்த்தினான். "அம்மா என்ன சொன்னாங்க? அங்க போயிட்டா அவங்க ஒத்தையில கெடக்கணுமே, ஆஷ். வாரம் ஒரு தடவ வந்து பாத்துக்குவதானே?"

"டெனின், என் காலு..."

"அம்மாக்கு ராத்திரியில தனியா இருந்தா பயம். சொல்ல மாட்டாங்க. அப்பா போனதுக்கப்பறம் லைட்டப் போட்டுட்டுத்தான் தூங்குவாங்க, உனக்குத் தெரியுமில்ல?"

ஆஷ்லிக்குத் தெரியாது. அடுத்த அறையில் ராத்திரியெல்லாம் விளக்கு எரிவதைக் கதவிடுக்கில் பார்த்திருக்கிறாள். கரண்ட் பில்லைப் பற்றிக்கூட நினைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்டதில்லை.

"காலுக்கு என்ன?" என்றான் அவன், நினைவு வந்தவனாக. அதற்குள் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "செஃப் கத்தறான். அப்பறம் பேசறேன், சரியா?" நெட்வொர்க் திணறியது. அவன் முகம் பாதி வாய் திறந்தபடியே உறைந்து நின்று, பிறகு போய்விட்டது.

ஆஷ்லி சுவரைப் பார்த்துப் படுத்தாள்.

திங்கட்கிழமை ஒரு நாள் ஓடிவிட்டால்? சேர்ந்தாகிவிடும். சேர்ந்த பிறகு வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். வேலையில் இருக்கும்போது அடிபட்டால் துரத்த மாட்டார்கள். விடியும் முன்னே எழுந்து, தொட்டியில் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் நின்றால், இறக்கத்தில் நடந்தால்...

பூட்ஸைக் கழற்றினாள். அறைக்குள் நாலு எட்டு வைத்துப் பார்த்தாள். முடியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஐந்தாவது எட்டில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பொழுது இறங்கும் நேரத்தில் மேலேயிருந்து ஒரு சத்தம். தண்ணீர் ஓடுகிற சத்தம். ஊற்று வழிகிற சத்தமல்ல. மொத்தமாகத் திறந்துவிட்டால் ஓடுகிற சத்தம்.

அவள் பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டு, வரப்பைப் பிடித்துப் பிடித்து ஏறினாள்.

தொட்டியின் அடிவாயில் அடைத்திருந்த சாக்குத் துணி கரையில் கிடந்தது. தண்ணீர் பாத்திகளுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. பிலோமி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மீதித் தண்ணீரில் கெண்டைக்கால் அளவுக்கு நின்று, துடைப்பத்தால் பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கால் சிவந்து போயிருந்தது.

"ஏனுங்க அத்தை, என்ன பண்றீங்க?"

"கண்ணில்லையா? தொட்டி கழுவறேன்."

"இப்ப எதுக்குங்க?"

"குழாயையும் காட்டுப் பக்கம் திருப்பியுட்டுட்டேன். இனி இதுல தண்ணி நிக்காது."

துடைப்பம் சிமெண்டில் உரசியது.  ஆஷ்லி நாள் முழுக்க அடக்கிவைத்தது அப்படியே வாய்க்கு வந்துவிட்டது.

"நான் போயிரக் கூடாதுன்னுதானுங்களே அத்தை? வேலை போயிட்டா இங்கயே கெடப்பேன்னுதானுங்களே?"

துடைப்பம் நின்றது. பிலோமி நிமிர்ந்தாள். இல்லை என்பாள், உன் நல்லதுக்குத்தான் என்பாள், இத்தனை பண்ணியும் இப்படிப் பேசுகிறாயே என்று அழுவாள் என்றெல்லாம் ஆஷ்லி எதிர்பார்த்தாள்.

"அதுவுந்தான்" என்றாள் பிலோமி.

தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"காலையில அந்த ரூமப் பாத்தனே. ஒரு ஆளுக்குத்தான் அது. இங்க நான் ஒரு ஆளு. அங்க நீ ஒரு ஆளு. தோஹாவுல அவன் ஒரு ஆளு. நல்லாத்தான் குடும்பம் பண்றோம்." மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். "நீ போயிட்டா எனக்குக் கஷ்டந்தான். அத மறைச்சு என்ன பண்றது? அதுக்காவ நீ மரக்கட்டக் காலோட ஓடி ஒடச்சுக்கறத நான் பாத்துட்டு நிக்கணுமா? போறதா இருந்தா முழுக் காலோட போ."

ஆஷ்லி தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இவள் தனக்குக் கஷ்டம் என்று சொல்லிக் கேட்டதில்லை.

ஸ்வெட்டர் பையில் போன் அதிர்ந்தது. அம்புரோஸ்.

பிலோமி போனைப் பார்த்தாள். ஆஷ்லியைப் பார்த்தாள். குனிந்து துடைப்பத்தை எடுத்தாள், ஆனால் தேய்க்கவில்லை.

"ஹலோ, டீச்சர், அம்புரோஸ் பேசறேன்."

டீச்சர். இதுவரைக்கும் அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"சொல்லுங்க சார்."

"திங்கக்கிழமை அஞ்சரைக்கெல்லாம் கிரவுண்டுக்கு வந்துருங்க. பிள்ளைங்க இப்பவே நச்சரிக்குதுங்க, ஓடற மிஸ் எப்ப வருவாங்கன்னு. குவார்ட்டர்ஸ் சாவி என்கிட்டயே இருக்குது. சரிங்களா?"

சரிங்க சார் என்றால் முடிந்தது. இரண்டே சொல். தொட்டி இல்லாவிட்டால் என்ன, பள்ளியில் பக்கெட் இருக்கிறது, குழாய் இருக்கிறது, தாழ்ப்பாள் இருக்கிறது. உள்ளே என்ன செய்கிறாள் என்று கேட்க வெளியே யாரும் இருக்க மாட்டார்கள்.

யாரும் இருக்க மாட்டார்கள்.

"சார்," என்றாள், "வர்றேனுங்க. ஆனா என்னால ஓட முடியாது."

"என்னம்மா? காலையில அப்படி ஓடுனீங்களே!"

"காலையில ஓடுனது தப்புங்க. எலும்புல விரிசல். எக்ஸ்ரே எடுத்தாச்சு. ரெண்டு மாசம் ஓடக் கூடாதுன்னுட்டாங்க. எனக்கு வலி இருந்தது முன்னாடியே தெரியுமுங்க சார். உங்ககிட்ட மறைச்சுட்டேன். கூட நின்னு பிள்ளைங்களப் பழக்கறேன், விசில் ஊதறேன், ஸ்கூட்டியில வேணும்னாலும் பின்னால வர்றேன். ஓட மட்டும் ரெண்டு மாசம் பொறுத்துக்கங்க."

 போனுக்குள் எங்கோ ஒரு மணி அடித்தது, பிள்ளைகள் சாப்பாட்டுக்கு ஓடுகிற சத்தம்.

"பிரின்சிபல் இங்கதான் இருக்காங்க" என்றார் அம்புரோஸ், குரல் மாறி. "கேட்டுட்டுச் சொல்றேன். லைன்லயே இருங்க."

"டீச்சர்" என்று அவர் இந்தத் தடவை சொல்லவில்லை.

ஆஷ்லி போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. கீழே வீட்டில் விளக்குப் போடவில்லை, போட ஆளில்லை, இரண்டு பேரும் இங்கேதான் இருந்தார்கள். தொட்டியின் கடைசித் தண்ணீர் அடிவாயில் சுழன்று, களக் களக்கென்று இரண்டு தடவை விக்கி, இறங்கிப் போனது. வெறும் சிமெண்டில், ஈரக் காலோடு, பிலோமி நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் மெதுவாக.

"லைன்ல இருக்கச் சொன்னாங்க அத்தை."

"சரி. இரு" என்றாள் பிலோமி. துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து, அவளுக்குப் பக்கத்தில் விளிம்பின் மேல் உட்கார்ந்தாள். "நானும் இருக்கறேன்."